புக்கிட் மேரா: அளவுகோல் யார் கையில் இருந்தது?

(சுங்காயில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும். விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டி, வாளியில் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால், அங்கே கிராணி நிறுப்பார். பாலுக்குள் மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்க விடுவார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அது காட்டும். கோட்டைப் படிப்பவர் கிராணி. புத்தகத்தில் எழுதுபவரும் கிராணி. வெட்டியவரின் கூலி அந்த எண்ணைப் பொறுத்தது. ஆனால் அந்த எண்ணைச் சரிபார்க்க வெட்டியவரிடம் இன்னொரு கருவி கிடையாது.

இன்றைய என் தலைப்பு கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். அதற்கும் பால் ஸ்டோருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. பாலையாவது கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தொலைக்காட்சிக் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் இரும்புப் பீப்பாய்களும் வேலியும்தான் படத்தில் விழும். கருவியின் முள் காட்டும் எண் ஒன்றுதான் சாட்சி. ஆகவே கருவி யார் கையில் இருக்கிறது, எண்ணை யார் படிக்கிறார் என்பது பெரிய கேள்வியாகி விடுகிறது. இந்தக் கேள்வியை நம் பேரா மாநிலத்து மக்கள் 1980களில் வீதியில் கேட்டார்கள், நீதிமன்றத்தில் கேட்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஈயம் போனது, அமாங் நின்றது

கிந்தா பள்ளத்தாக்கும் நம் பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தாப்பா, பீடோர் பகுதிகளும் ஈய லம்பங்களால் பெயர் பெற்றவை. மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்த பிறகு அடியில் தங்கும் கனமான கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அந்த அமாங்கில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சித் திரை முதல் காந்தம் வரை பலவற்றுக்கும் அவை தேவை. ஆனால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். அதுதான் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம்.

தோரியம் நமக்குப் புதிய பொருள் அல்ல. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் எரிந்த காஸ் விளக்கை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கில் வெள்ளையாகச் சுடர்விட்ட வலைப்பைக்குப் பல காலம் தோரியம்தான் சேர்த்தார்கள். அந்தத் தோரியத்துக்காகவே தமிழகத்தின் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஜெர்மானியர்கள் தேடி வந்தார்கள். ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் அந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அதாவது இன்று ஒரு பீப்பாயில் போட்டு மூடினால், அதில் பாதி குறைய அவ்வளவு காலம் ஆகும். எத்தனை தலைமுறை கடந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

கருவி பிறந்த கதை

1896இல் பாரிஸில் ஹென்றி பெக்கரல், யுரேனிய உப்பைக் கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டின் மேல் வைத்தார். வெளிச்சமே படாமல் தகடு கறுத்தது. கதிரியக்கத்தை முதலில் காட்டிக் கொடுத்த கருவி அந்தப் புகைப்படத் தகடுதான். அதன் பிறகு மேரி கியூரியும் பியேர் கியூரியும் மின்னோட்டத்தை நுட்பமாக அளக்கும் கருவியைக் கொண்டு, எவ்வளவு கதிர் வருகிறது என்று எண்ணாகவே சொன்னார்கள்.

தோரியத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1899இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓவன்ஸ் என்பவர் தோரியத்தின் கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தார். அளவு நிலையாக நிற்கவில்லை. ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தால் எண் மாறியது. காற்றோட்டம் பட்டால் எண் மாறியது. அவரோடு அங்கே பணியாற்றிய ரூதர்போர்டு காரணத்தைக் கண்டுபிடித்தார். தோரியத்திலிருந்து கதிரியக்கமுள்ள ஒரு வாயு வெளியேறுகிறது, காற்று அதை அடித்துச் செல்கிறது என்று 1900இல் அவர் எழுதினார். இன்று அதைத் தோரான் என்கிறோம். இந்தக் கதவுச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 85 ஆண்டுகள் கழித்து அது நம் ஈப்போவுக்கும் பொருந்தியது.

1908இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டும் அவரது உதவியாளர் ஹான்ஸ் கைகரும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியைச் செய்தார்கள். 1928இல் கைகரும் அவருடைய மாணவர் வால்ட்டர் முல்லரும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், டிக், டிக் என்று ஒலிக்குமே, அதுதான் கைகர் கருவி. அதன் அமைப்பு எளிது. ஒரு குழாய்க்குள் வாயு, நடுவில் ஒரு கம்பி, கம்பிக்குச் சில நூறு வோல்ட் மின்சாரம். ஒரு கதிர் உள்ளே புகுந்தால் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, அவை மேலும் பலவற்றைப் பிய்த்து, நொடியில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். ஒரு துடிப்புக்கு ஒரு டிக்.

ஆனால் கைகர் கருவி எண்ணுமே தவிர, வந்தது எந்தத் தனிமத்தின் கதிர் என்று சொல்லாது. குழாயின் சுவர் தடித்திருந்தால் ஆல்ஃபா கதிர் உள்ளேயே நுழையாது. தோரியம் வெளிவிடுவது ஆல்ஃபா. அதைத் தோல் தடுத்துவிடும், ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். தூசியாகவோ வாயுவாகவோ மூச்சில் போனால்தான் ஆபத்து. ஆகவே காமா கதிருக்கு ஒரு கருவி, காற்றிலுள்ள வாயுவுக்கு இன்னொரு கருவி என்று வேண்டியிருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் ஹோஃப்ஸ்டாட்டர் கொண்டு வந்த சோடியம் அயோடைடு படிகக் கருவி, கதிரின் ஆற்றலையும் பிரித்துக் காட்டியது. இது தோரியத்தின் வழிவந்ததா, வேறொன்றா என்று அதைக் கொண்டு அடையாளம் காணலாம்.

பாப்பான் எழுந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். ஈப்போவை அடுத்த லஹாட் பகுதியில், பெரும்பாலும் சீனர்கள் வாழும் புதுக்கிராமம் புக்கிட் மேரா. அங்கே ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982இல் மோனசைட்டைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதன் முக்கியப் பங்குதாரர்களில் ஒன்று. அதே 1982 ஜூன் 28இல்தான் பாங்கியில் நாட்டின் முதல் ஆய்வு அணு உலை இயங்கத் தொடங்கியது. அணுத்துறையில் நாடே அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்த காலம் அது. அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல்தான் வந்தது. உரிம வாரியம் 1985இல்தான் அமைந்தது. தொழிற்சாலை முதலில் வந்துவிட்டது, அதை மேற்பார்வையிட வேண்டிய வாரியம் பின்னால் வந்தது.

தோரியக் கழிவைப் புதைக்கப் பாப்பான் என்ற சிற்றூரில் குழி தோண்டினார்கள். பாப்பான் என்றதும் சிபில் கார்த்திகேசுவின் நினைவு வரும். ஜப்பானியர் ஆட்சியில் வானொலி கேட்பதே குற்றமாக இருந்தபோது, அந்த ஊரில் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து உண்மைச் செய்தியைக் கேட்ட வீரப் பெண்மணி அவர். அதே ஊர் மக்கள்தான் 1984 மே மாதத்தில் குழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, 6,700 பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்தார்கள். ஜூலை 1இல் ஏறத்தாழ 3,000 பேர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

குழிகள் பாதுகாப்பானவை என்று அப்போதைய அமைச்சர் ஜூலையில் சொன்னார். ஆகஸ்டில் நேரில் வந்து பார்த்தவர், சில குழிகள் விதிப்படி கட்டப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் அரசே அழைத்த அனைத்துலக அணுசக்தி முகவாண்மையின் மூவர் குழு, குழிகள் பாதுகாப்பற்றவை என்றது. மூன்று மாதத்துக்குள் அதிகாரபூர்வமான பதில் தலைகீழாக மாறியது. இடையில் மண் மாறவில்லை, குழி மாறவில்லை. வேறு கண்கள் வந்து பார்த்தன, அவ்வளவுதான்.

பேராசிரியர் காட்டிய எண்

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலிருந்து பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்தார். அவர் மரபியல் அறிஞர். டிரெடெஸ்கான்ஷியா என்ற செடியின் பூவில், மகரந்தத் தண்டிலுள்ள நீல நிற மயிரிழைகள் கதிர்வீச்சு பட்டால் செல் செல்லாக இளஞ்சிவப்பாக மாறும். அந்தச் செல்களை எண்ணியே கதிர்வீச்சின் பாதிப்பைக் கணக்கிடும் ஆய்வில் அவர் புகழ்பெற்றவர். ஒரு பூச்செடியையே கருவியாக்கிய மனிதர்.

புக்கிட் மேராவில் தொழிற்சாலையை ஒட்டிய திறந்த வெளியிலும் குட்டையிலும் அவர் அளந்தார். கிடைத்ததில் மிக உயர்ந்த அளவு ஆண்டுக்கு 43,800 மில்லிரெம். பொதுமக்களுக்கு அன்று அனைத்துலக அளவில் ஏற்கப்பட்ட உச்ச வரம்பு 500 மில்லிரெம். ஏறக்குறைய 88 மடங்கு!

இந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். 43,800ஐ 8,760ஆல் வகுத்தால் மணிக்கு 5 மில்லிரெம் வரும். கருவி காட்டுவது மணிக்கு எவ்வளவு என்ற அளவை. அதை ஆண்டுக் கணக்காக்கினால் 43,800. அந்த இடத்தில் யாரும் ஆண்டு முழுவதும் இரவு பகலாக நிற்கப் போவதில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மறுபக்கமும் பாருங்கள். மணிக்கு 5 என்ற அளவில் 100 மணி நேரம் இருந்தாலே ஆண்டு முழுவதுக்குமான 500 தீர்ந்துவிடும். வேலியில்லாத இடத்தில் ஒரு பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் விளையாடினால், நான்கு மாதத்துக்குள் அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஒரே எண்ணை வைத்து இரண்டு பக்கமும் பேசலாம் என்பதால்தான், எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நீதிமன்றத்தில் எண்கள்

1985 பிப்ரவரி 1இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர், தங்கள் சார்பிலும் சுற்றுவட்டார மக்கள் 10,000 பேர் சார்பிலும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் துணை நின்றன. இரண்டுக்கும் தலைவர் நம்மவரான எஸ்.எம். முகம்மது இத்ரிஸ். மக்கள் தரப்பு வழக்கறிஞர் அணியில் மீனாட்சி ராமனும் இருந்தார். அக்டோபர் 14இல் இடைக்காலத் தடை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்க 1,500க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் கூடியிருந்தார்கள்.

தொழிற்சாலை சுத்திகரிப்பு வேலைகளைச் செய்தது. 1986 அக்டோபரில் இச்சிகாவா மறுபடியும் வந்து அளந்தார். அளவு இன்னும் ஏற்கத்தக்கதாக இல்லை என்றார். ஆனால் 1987 பிப்ரவரியில் உரிம வாரியம் தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கியது. ஏப்ரலில் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் நீதிபதி பே சுவீ சின் முன்னிலையில் முழு விசாரணை தொடங்கியது. அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில் போராட்டக் குழுவினர் சிலரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள்.

விசாரணை 32 மாதங்களில் 65 நாள் நடந்தது. கனடாவிலிருந்து டாக்டர் ரோசலி பெர்ட்டல் உட்பட வெளிநாட்டு அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். ஒரே நிலத்தைப் பற்றி இரு தரப்பு அறிஞர்களும் வேறு வேறாகப் பேசினார்கள். யாரோ ஒருவர் பொய் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலியோரம் அளந்தால் ஓர் எண், நூறடி தள்ளி அளந்தால் இன்னோர் எண். காற்று வீசும்போது ஓர் எண், காற்றில்லாத இரவில் இன்னோர் எண். மெக்கில் பல்கலைக்கழகக் கதவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். போதாக்குறைக்குக் கிந்தாவின் கருங்கல் மண்ணிலேயே இயற்கையான கதிர்வீச்சு சற்று அதிகம். இயற்கை எவ்வளவு, தொழிற்சாலை சேர்த்தது எவ்வளவு என்று பிரிப்பதும் ஒரு வழக்காகி விடுகிறது.

1992 ஜூலை 11இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 14 நாளில் மூட வேண்டும் என்றது. வழக்கின் தலைப்பில் முதல் மனுதாரரின் பெயருக்குப் பக்கத்திலேயே 'காலமானார்' என்று பதிவாகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. 1993 டிசம்பர் 23இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. மக்கள் முதலில் உரிம வாரியத்திடம் போய் உரிமத்தை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும் என்றது. சட்டத்தில் தோற்றார்கள். ஆனால் 1994 ஜனவரியில் தொழிற்சாலை தானாகவே மூடுவதாக அறிவித்தது.

அதன் பிறகுதான் பெரிய வேலை தொடங்கியது. கழிவையும் மாசுபட்ட மண்ணையும் அள்ளி கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கும் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்கள். சுமார் 11,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததையும், எழுவர் இறந்துவிட்டதையும் அதே செய்தி குறிப்பிட்டது. நோய்களுக்குத் தான் பொறுப்பல்ல என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நேயர்களே, கதிர்வீச்சு என்றாலே ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 240 மில்லிரெம் பெற்றுக்கொண்டுதான் வாழ்கிறோம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல் மேலேயே மக்கள் வாழ்கிறார்கள். அங்கே வீடு வீடாக அளந்து, சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கும் மேல் கண்காணித்து, புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை என்று 2009இல் ஆய்வு வெளியிட்டார்கள். மோனசைட் மணலும் தொழிற்சாலையில் பிரித்தெடுத்துக் குவித்த தோரியக் கழிவும் ஒன்றல்ல. ஆனாலும் அங்கே பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பொறுமையாக வீடு வீடாக அளந்ததுதான்.

எனவே யாராவது "அளந்துவிட்டோம், அளவு சரியாக இருக்கிறது" என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கதிரை எந்தக் கருவியால் அளந்தீர்கள்? அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? கடைத் தராசுக்கு முத்திரை இருப்பதுபோல் இதற்கும் உண்டு, பாங்கியில் அதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தீர்கள்? திட்டம் தொடங்குவதற்கு முன் அங்கே அளவு எவ்வளவு இருந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்க விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை.

இது பழங்கதையும் அல்ல. 2012 முதல் பகாங்கின் கெபெங்கில் அரிய மண் ஆலை இயங்குகிறது. நம் மாநிலத்தின் வடக்கே உலு பேராவில், கெனேரிங்கில், 2022இல் அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. இது வேறு வகைக் களிமண், கதிரியக்கம் இல்லாதது என்று அரசு சொல்கிறது. அப்படியே இருக்கட்டும். அதையும் அளந்து காட்டட்டும். முதல் மண்வெட்டி விழும் முன்பே எடுத்த அளவை மாவட்ட அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும் மொழிகளில் ஒட்டட்டும். ஊர் மக்கள் அழைத்து வருபவரும் அதே இடத்தில் தன் கருவியை வைத்து அளக்க அனுமதி இருக்கட்டும்.

பால் ஸ்டோரில் நம் பெற்றோருக்குக் கிடைக்காதது அந்த இரண்டாவது கருவிதான். புக்கிட் மேரா மக்கள் அதை ஜப்பானிலிருந்து வரவழைத்தார்கள். நம் பிள்ளைகள் இயற்பியல் படித்து, அந்தக் கருவியைத் தாங்களே கையில் எடுக்கும் நாள் வர வேண்டும்.